வற்றிய குளத்தில் நடந்த பிறகு

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கமாகக் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் மிதந்தபடி தூண்டில் போடும் இடத்தில் வெறுங்காலோடு நின்றுகொண்டு, மழைக்காலத்தில் நீர்மட்டம் என் தலைக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருந்திருக்கும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் வரிவரியாகப் படிந்திருந்த நீர்த்தடங்களில் மிக மேலே இருந்தது, தேயிலைச் செடிகளின் வேருக்குச் சற்றே கீழே தெரிந்தது. அதற்கும் நான் நின்ற சேற்றுக்கும் இடையே இரண்டு ஆள் உயரம் இருக்கும். ஓராண்டு முழுவதும் அந்தக் குளத்தின் மேற்பரப்பை மட்டுமே பார்த்துக்கொண்டு, மீன் எங்கே இருக்கிறது என்று ஊகித்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த ஒரு காலையில் தெரிந்த அளவுக்கு அதற்கு முன் எதுவும் தெரிந்திருக்கவில்லை.

குளம் கோத்தகிரியிலிருந்து கிழக்கே சமவெளியை நோக்கி இறங்கும் சரிவில், ஒரு தனியார் தேயிலைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. ஒரு காலத்தில் சதுப்பாக இருந்த பள்ளத்தின் குறுக்கே கரை போட்டு நீரைத் தேக்கியிருக்கிறார்கள். நீளம் நானூறு மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகவும் அகலம் அதில் பாதியாகவும் இருக்கும். தோட்டத்துக் குடும்பத்தினர் எனக்கு அனுமதி தந்தபோது மூன்று நிபந்தனைகள் விதித்தார்கள்: உயிர்காப்பு உடை அணியாமல் நீரில் இறங்கக் கூடாது, வலை போடக் கூடாது, ஒரு கிலோவுக்குக் குறைவான மீனைத் திரும்ப விட்டுவிட வேண்டும். மூன்றையும் இன்றுவரை மீறியதில்லை.

நீலகிரியில் இத்தனை பெரிய நீர்த்தேக்கங்கள் இருக்கும்போது தோட்டத்துக் குளம் எதற்கு என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி, போர்த்திமந்து ஆகியவை எல்லாம் மின் உற்பத்திக்காகக் கட்டப்பட்டவை. இவை அடங்கிய குந்தா நீர்மின் திட்டமே கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாட்டின் உதவியோடு உருவானது. அங்கே அணை மின்வாரியத்தைச் சேர்ந்தது, சுற்றியுள்ள காடு வனத்துறையைச் சேர்ந்தது, மீன் பிடிக்க மீன்வளத்துறையின் உரிமம் வேண்டும். கரையில் நின்று தூண்டில் போட உரிமம் கிடைத்தாலும், சொந்தப் படகை இறக்குவது முற்றிலும் வேறு விஷயம். மின் உற்பத்திக்காக நீர் திறக்கப்படும்போது மட்டம் விரைவாக இறங்கும் தேக்கத்தில் புதிதாகப் பழகுபவர் படகில் இருப்பது நல்லதும் அல்ல. உதகை ஏரியும் கொடைக்கானல் ஏரியும் படகுச் சவாரிக் கூட்டத்துக்கு உரியவை. ஆகவே துடுப்பும் தூண்டிலும் ஒன்றாகப் பழகுவதற்கு, நாற்புறமும் கரை கண்ணுக்குத் தெரியும் சிறிய நீர்நிலையே ஏற்றது என்பது என் உறுதியான கருத்து.

இந்தக் குளத்தில் இருப்பது பெரும்பாலும் கெண்டை. நீலகிரிக்கு அது வந்த கதை பழையது. 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட சாதாக் கெண்டை முதலில் உதகை ஏரியில் விடப்பட்டது. உடலில் ஒரு சில பெரிய செதில்கள் மட்டும் பளபளவென்று வரிசையாக இருக்கும் கண்ணாடிக் கெண்டையும் அதில் ஒரு வகை. அதற்கு முன்பே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எச். சி. வில்சன் என்பவரின் முயற்சியால் வானவில் ட்ரவுட் மீன் இங்கே நிலைபெற்றது. அவலாஞ்சியில் அதற்கென்று ஒரு பொரிப்பகமும் உருவானது. ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த, ஓடுகிற, தெளிந்த நீர் வேண்டும். கெண்டை அப்படிப்பட்டதல்ல. அது அடியில் மேயும் மீன். சேற்றைக் கிளறி, வாயால் உறிஞ்சி, உண்பதை வைத்துக்கொண்டு மற்றதைத் துப்பிவிடும். எனவே கெண்டையைத் தேடுபவர் குளத்தின் தரையைத் தேட வேண்டும். இந்த எளிய உண்மை எனக்குப் புரிய ஓராண்டு ஆனது.

முதல் ஆண்டில் நான் செய்ததெல்லாம் பிறர் சொன்ன இடங்களுக்குப் போனதுதான். "மதகுக்குப் பக்கத்தில் போடுங்கள்" என்றார் ஒருவர். "நாணல் ஓரம்தான் நல்லது" என்றார் இன்னொருவர். இருவர் சொன்னதும் பொய்யல்ல. ஆனால் மதகுப் பக்கம் மீன் இருப்பது எந்த மாதத்தில், எந்த நீர்மட்டத்தில், காற்று எந்தத் திசையில் அடிக்கும்போது என்பதை அவர்கள் சொல்லவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. கரையில் நின்று பல ஆண்டுகள் பார்த்தவருக்கு அந்த இடம் ஒரு முழு ஆண்டின் நடமாட்டத்தோடு சேர்ந்து மனத்தில் இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்பவருக்கோ ஒரு புள்ளி மட்டுமே கிடைக்கிறது. அந்தப் புள்ளியின் மேல் கயாக்கை நிறுத்தி, கோதுமை மாவு உருண்டையைக் கோத்துப் போட்டுவிட்டு, மணிக்கணக்கில் தக்கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளுக்குப் பின்னால் காய்கறித் தோட்டம் வைத்திருக்கிறார். 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் மலைநாட்டிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களில் ஒன்று அவருடையது. சிறுவனாக இந்தத் தோட்டத்துக்கு வந்தவர். கரையை இப்போதிருக்கும் உயரத்துக்கு எழுப்பியபோது மண் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். ஒருநாள் வெறுங்கையோடு நான் திரும்புவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, தண்ணீர் இருக்கும்போது தேடாதீங்க. பங்குனியில வாங்க, தண்ணீர் வடிஞ்சிருக்கும், நடந்தே பார்த்துடலாம்" என்றார். கிழக்குச் சரிவில் இருப்பதால் எங்கள் குளத்தை நிரப்புவது அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழை. அவலாஞ்சிப் பக்கம் ஜூன், ஜூலையில் கொட்டும் தென்மேற்குப் பருவமழை மலையின் மறுபுறத்தில் தீர்ந்துவிட்டு, இங்கே பெரும்பாலும் மூடுபனியாகவும் காற்றாகவும்தான் வந்து சேரும். ஆகவே கோடை மழைக்கு முந்தைய மார்ச் மாதத்தில் குளம் மிகவும் வற்றியிருக்கும்.

அப்படித்தான் அந்த ஞாயிறன்று பெரியவர் முன்னே செல்ல, நான் நோட்டுப் புத்தகத்தோடு பின்னே நடந்தேன். மேலிருந்து பார்த்தபோது ஒரே கிண்ணமாக நான் கற்பனை செய்திருந்த குளத்துக்குள், ஒரு பள்ளத்தாக்கே இருந்தது. பழைய ஓடையின் தடம் நடுவில் இல்லை. தெற்குக் கரையை ஒட்டி வளைந்து வளைந்து போய், மதகுக்கு நாற்பது அடி முன்னால் ஒரு குழியில் முடிந்தது. வடக்குப் பக்கம் முழுவதும் மெல்லச் சரியும் மேடை. அந்த மேடையின் ஓரத்தில் ஏழு கற்பூர மரக் கட்டைகள், வெட்டிய உயரத்தில் அப்படியே, கறுத்து, வழவழப்பாக நின்றன. பெரியவர் ஒரு கட்டையின் அடியில் கையை விட்டு மண்ணை அள்ளிக் காட்டினார். அதில் விரல் நுனியளவு நத்தை ஓடுகளும் சிவந்த சிறு புழுக்களும் இருந்தன. மேடையின் நடுவில் எடுத்த மண்ணில் அவை மிகக் குறைவு. கெண்டை ஏன் கட்டைகளைச் சுற்றி வருகிறது என்பதற்கு அந்த ஒரு கைப்பிடி மண்ணே போதுமான பதிலாக இருந்தது. ஓடைத் தடத்துக்கும் மேடைக்கும் இடையே முழங்கால் உயரத்துக்குச் செங்குத்தான விளிம்பு ஒன்று ஓடியது. மேய்ச்சல் முடிந்த மீன் ஆழத்துக்கு இறங்கும் வழியும், மாலையில் மேலேறி வரும் வழியும் அதுவே என்று பின்னர் கண்டுகொண்டேன்.

ஏழு கட்டைகளையும் வரைந்துகொண்டேன். ஆனால் டிசம்பரில் இவற்றின் மேல் பத்தடித் தண்ணீர் நிற்கும்போது, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தெரியும் நீர்ப்பரப்பில் மூன்றாவது கட்டையை எப்படிக் கண்டுபிடிப்பது? கைப்பேசியில் இடத்தைக் குறித்துக்கொள்ளலாம் என்பது உண்மைதான்; நானும் குறித்தேன். ஆனால் கைப்பேசி சில மீட்டர்கள் முன்பின்னாகத்தான் இடம் காட்டும். அகலம் இரண்டடி மட்டுமே உள்ள கட்டைக்கு அந்தப் பிழை மிகப் பெரியது. ஈரக் கையோடு திரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கயாக் பாட்டுக்கு நகர்ந்துவிடுகிறது.

இதற்கு விடை கடலிலிருந்து வந்தது. என்னோடு பணிபுரியும் நண்பர் ஒருவர் குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊரைச் சேர்ந்தவர். அவருடைய தந்தை கட்டுமரத்தில் போனவர். கடலடியில் இருக்கும் பாறைத் திட்டைப் பார் என்பார்களாம். அந்தப் பாருக்கு நேராகப் போய் நிற்க, கரையில் தெரியும் கோயில் கோபுரத்தை அதற்குப் பின்னால் உள்ள மலை முகட்டோடு ஒரே கோட்டில் சேர்த்துப் பார்ப்பார்களாம். வேறு பக்கத்தில் இன்னொரு இணையை அதே போல் சேர்ப்பார்களாம். இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் பார் இருக்கும். "எங்க ஊர்ல இதைக் கணியம்னு சொல்லுவாங்க" என்றார். ஆழத்தை அவர்கள் பாகத்தில் அளப்பதையும் அவரே சொன்னார். இரு கைகளையும் விரித்தால் ஒரு விரல் நுனியிலிருந்து மறு விரல் நுனிவரை ஒரு பாகம்.

மறுவாரமே வற்றிய குளத்துக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு கட்டையின் மேலும் நின்று கணியம் பார்த்தேன். மூன்றாவது கட்டையில் நின்றால், தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கி அதன் பின்னாலுள்ள இரட்டைச் சில்வர் ஓக் மரங்களின் சரியான இடைவெளியில் வந்து நிற்கிறது. இடப்பக்கம் திரும்பினால், பம்பு அறையின் கதவு மேலே உள்ள வெள்ளைப் பாறையின் கீழ் முனையோடு சேர்கிறது. இதில் இரண்டு விஷயங்கள் முக்கியம் என்று அனுபவத்தில் கற்றேன். ஒன்று, முன்னே இருக்கும் அடையாளமும் பின்னே இருக்கும் அடையாளமும் ஒன்றிலிருந்து ஒன்று நன்றாக விலகியிருக்க வேண்டும். இரண்டும் அருகருகே இருந்தால், படகு பல அடி நகர்ந்தாலும் கோடு பிசகியது கண்ணுக்குத் தெரியாது. மற்றொன்று, இரண்டு கோடுகளும் கிட்டத்தட்ட செங்கோணத்தில் வெட்ட வேண்டும். குறுகிய கோணத்தில் வெட்டினால் சிறு பிழையும் நம்மைத் தொலைவில் கொண்டுபோய் நிறுத்திவிடும். சீகை மரங்களை அடையாளமாக வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பெரியவர் எச்சரித்தார். விறகுக்கு எப்போது வெட்டப்படும் என்று சொல்ல முடியாதாம். அவர் சொன்னது போலவே, நான் குறித்திருந்த ஒரு சீகை ஆகஸ்டில் இல்லாமல் போனது.

ஆழம் பார்ப்பதற்கு நைலான் கயிற்றில் அரைப் பாகத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் ஈயக் குண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டேன். குண்டின் அடிப்பக்கத்தில் குழி தோண்டி, அதில் சவர்க்காரத்தை அழுத்தி வைத்தால், தரையில் இருப்பது ஒட்டிக்கொண்டு மேலே வரும். கறுப்புச் சேறு வந்தால் ஓடைத் தடம், செம்மண் வந்தால் மேடை, எதுவும் ஒட்டாமல் சவர்க்காரத்தில் பள்ளம் மட்டும் விழுந்திருந்தால் கட்டை அல்லது கல். கயிறு கைவழியே இறங்கும்போது, சேற்றில் குண்டு அமிழ்வதற்கும் கட்டையில் 'டக்' என்று மோதுவதற்கும் உள்ள வேறுபாடு விரலுக்கு உடனே தெரிகிறது. இந்தக் கயிற்றை நான் தூண்டில் கம்பை விடவும் உயர்வாக மதிக்கிறேன்.

கண்டுபிடித்த இடத்தில் நிற்பது அடுத்த பாடம். கீழே சமவெளி சூடேறத் தொடங்கியதும், காலை பத்து மணிக்கு மேல் எங்கள் சரிவில் காற்று மேல்நோக்கி ஏறத் தொடங்கும். இரவிலும் விடியலிலும் குளிர்ந்த காற்று மேலிருந்து பள்ளத்துக்கு இறங்கி அமைதியாகிவிடும். ஆகவே விடியலில் கிளம்பி, காற்று எழும் நேரத்தில் காற்று வரும் பக்கத்தில் இருக்குமாறு திட்டமிட்டால், களைத்த கைகளோடு திரும்பும்போது காற்றே துணை செய்யும். நங்கூரமாகக் கல் நிரப்பிய சாக்கைப் பயன்படுத்துகிறேன். அதன் கயிற்றைக் கயாக்கின் முன்முனையிலோ பின்முனையிலோ மட்டுமே கட்ட வேண்டும். பக்கவாட்டில் கட்டினால் காற்றோ அலையோ இழுக்கும்போது அந்தப் பக்கம் அமிழ்ந்து படகு கவிழும். நான் பக்கவாட்டில் கட்டி, தூண்டில் பெட்டியைக் குளத்துக்குக் கொடுத்த பிறகே இதைக் கற்றேன். மலைக் குளத்தின் நீர் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் கடுங்குளிர்ச்சியாக இருக்கும். விழுந்த சில நிமிடங்களிலேயே விரல்கள் மரத்துப்போய், கயிற்றின் முடிச்சை அவிழ்க்க முடியாமல் போனது. உயிர்காப்பு உடை நிபந்தனையாக இருந்ததற்கு அன்று மனதார நன்றி சொன்னேன்.

நவம்பரில் ஒரு மாலை, நான்கு மணிக்கு, கீழேயிருந்து ஏறிய மேகம் பத்து நிமிடத்தில் குளத்தை மூடியது. கணியம் முழுவதும் மறைந்தது. புகைபோக்கி இல்லை, பாறை இல்லை. துடுப்பின் மறுமுனையே மங்கலாகத்தான் தெரிந்தது. இருநூறு மீட்டர் அகலமுள்ள குளத்தில் நேராகத் துடுப்புப் போட்டால் ஏதாவது ஒரு கரை வந்தே தீரும் என்று எண்ணினேன். கால் மணி நேரம் போட்டும் கரை வரவில்லை. நீரில் மிதந்த என் மாவு உருண்டையின் மஞ்சள் காகிதத்தையே இரண்டாம் முறை கண்டபோதுதான் வட்டமடிக்கிறேன் என்று புரிந்தது. வலக்கை இடக்கையை விட வலிமையானது. பார்வைக்குப் பிடிமானம் இல்லாதபோது அந்தச் சிறிய வேறுபாடு படகை வளைத்துக்கொண்டே போகிறது. துடுப்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன். அப்போது கலிங்கில் நீர் வழியும் ஓசை கேட்டது. மழைக்காலம் என்பதால் குளம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. தலையை மெல்லத் திருப்பி, இரு காதுகளிலும் ஓசை சமமாக விழும் திசையை முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, பத்துத் துடுப்புக்கு ஒருமுறை நின்று கேட்டு, மறுபடி திருத்திக்கொண்டு போனேன். கலிங்கை நெருங்குவது ஆபத்து என்பதால், ஓசை பெரிதானதும் இடப்பக்கம் திரும்பிக் கரையைத் தொட்டேன். அன்றிலிருந்து கழுத்தில் ஒரு திசைகாட்டி தொங்குகிறது. ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில், அங்கிருந்து இறங்குதுறை எந்தத் திசையில் இருக்கிறது என்பதையும் நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன்.

பெரியவர் சொன்ன ஓர் இடம் மட்டும் மார்ச்சில் எங்களுக்கு அகப்படவில்லை. கரை எழுப்புவதற்கு முன் லைன் பெண்கள் குடிநீர் எடுத்த ஊற்று ஒன்று இருந்ததாம். அது ஓடைத் தடத்தின் ஆழமான பகுதியில் இருந்ததால், வற்றிய காலத்திலும் அங்கே தண்ணீர் நின்றது. சேறு காலை உள்ளே இழுத்ததால் நெருங்க முடியவில்லை.

டிசம்பர் கடைசியில் புல்மேல் உறைபனி படிந்த ஒரு விடியலில் அது தானாகவே தன்னைக் காட்டியது. குளம் முழுவதும் நீராவி மெல்லிய புகையாக எழுந்துகொண்டிருக்க, தெற்குக் கரையோரம் ஓர் இடத்தில் மட்டும் அது அடர்த்தியாக, சுருள் சுருளாக மேலேறியது. முக்குளிப்பான் பறவைகள் இரண்டு அதைச் சுற்றியே மூழ்கி மூழ்கி எழுந்தன. நிலத்தடி நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் அதிகம் மாறுவதில்லை. எனவே பனிக்காலத்தில் ஊற்று நீர் குளத்து நீரை விட வெதுவெதுப்பாக இருக்கும், கோடையில் குளிர்ச்சியாக இருக்கும். ஒரு பாட்டிலில் கல்லைப் போட்டு, அதன் வாயை அடைத்த தக்கையில் தனியாக ஒரு நூல் கட்டி இறக்கினேன். அடியைத் தொட்டதும் தக்கையைச் சுண்டி இழுத்து, நிரம்பியதும் மேலே தூக்கி, வெப்பமானியை வைத்துப் பார்த்தேன். கட்டைகளின் பக்கம் எடுத்த நீர் 14 டிகிரி. இங்கே எடுத்தது 17 டிகிரி. குளிரில் மந்தமாகி இரையைத் தொடாமல் இருந்த கெண்டைகள் எங்கே போய்விட்டன என்று மூன்று வாரமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு அந்த மூன்று டிகிரியில் விடை இருந்தது. அரை மணி நேரத்தில் தூண்டில் தக்கை சாய்ந்து, பிறகு நிதானமாக நகர்ந்து, அமிழ்ந்தது. இரண்டு கிலோவுக்கு மேல் இருந்த கண்ணாடிக் கெண்டை. விலாவில் ஏழெட்டுச் செதில்கள் ஈரத்தில் மின்னின.

பெரியவரிடம் போய் இடத்தைச் சொன்னேன். என் நோட்டை வாங்கி, படத்தின் மேல் விரலை வைத்துக் கரையோரமாக நகர்த்திக்கொண்டே வந்து நிறுத்தினார். "இதேதான். பக்கத்துல ஒரு நாவல் மரம் இருந்துச்சு. அதோட வேர்லதான் குடத்தை வைப்பாங்க. எங்கம்மா விடியக்காலம் போவாங்க" என்றார். மரத்தை அடியோடு வெட்டினார்களா, கட்டையை விட்டுவைத்தார்களா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, நினைவில்லை என்றார்.

அடுத்த ஞாயிறன்று அந்த இடத்தைச் சுற்றிக் கயிற்றை இறக்கிக்கொண்டே வந்தேன். சேறு, சேறு, சேறு. ஊற்றிலிருந்து கயாக்கின் நீளத்துக்குக் கிழக்கே, மூன்றாவது முடிச்சும் கையைக் கடந்து சற்று இறங்கியதும் குண்டு 'டக்' என்று நின்றது. தூக்கிப் பார்த்தேன், சவர்க்காரத்தில் எதுவும் ஒட்டவில்லை. புகைபோக்கியையும் பாறையையும் பார்த்துப் புதிய கணியத்தைக் குறித்துக்கொண்டு, எட்டாவது கட்டையின் பக்கத்தில் "நாவல்" என்று எழுதினேன்.